பாட்டு எழுதியவருக்கு விழுந்த அடி

என் கை எப்போதும் வாயை முந்திவிடும். மன்னாரில் இருந்த காலத்தில், கோயில் திருவிழா மேடையில் எங்கள் இசைக்குழுவின் ஒலிவாங்கியைப் பறித்த ஒருவனின் தாடையை உடைத்தேன். டென்மார்க்குக்கு வந்த முதல் வருடம், தபாலில் வந்த என்னுடைய கருவாட்டைக் கேட்காமல் எடுத்துச் சமைத்ததற்காக அறைநண்பனின் மூக்கைப் பெயர்த்தேன். அவன் இன்றும் என் நண்பன்தான். மூக்கு மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கும். சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். எனக்கு அது முழங்கையில் இருந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப்போவது கையை நீட்டாத ஒரு நாளைப் பற்றி. கையை நீட்டாதது மட்டுமல்ல, வாயையும் மூடிக்கொண்டேன். உடைத்த தாடைக்கும் பெயர்த்த மூக்குக்கும் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்தாயிற்று. அந்த நாளுக்கு இன்னும் செய்யவில்லை.

இக்காஸ்ட் என்ற சிறிய ஊரில் நாங்கள் ஐந்து ஆண்கள் ஒரு வீட்டில் இருந்தோம். துணி ஆலையில் வேலை. ஐவரும் கலியாணம் முடித்தவர்கள், ஒருவனுக்கும் மனைவி பக்கத்தில் இல்லை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று இந்த நாட்டின் சட்டம் சொன்னது. நாங்கள் விண்ணப்பித்தோம். மற்ற நாட்டு அகதிகளுக்குப் பதில் வந்தது. எங்களுக்கு மட்டும் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒற்றை வரியே திரும்பத் திரும்ப வந்தது.

விண்ணப்பங்களைப் பார்க்கிற நீதி அமைச்சில் ஏதும் பிழை இருக்கும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. பிழை எங்களிடம்தான் என்று முடிவு கட்டினோம். அதனால் ஒரு சட்டத்தை நாங்களே எங்களுக்குப் போட்டுக்கொண்டோம். பொலிசின் கண்ணில் படக்கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் எங்கள் பெயர் பொலிசின் புத்தகத்தில் ஏறக்கூடாது. விளக்கில்லாத சைக்கிளை ஓடமாட்டோம், தள்ளிக்கொண்டுதான் வருவோம். ஹேர்னிங் ரயில் நிலையத்தில் எங்களில் ஒருவனை மூன்று பேர் பிடித்துப் போத்தலால் முகத்தில் அடித்தார்கள். இரண்டு பல் போய்விட்டது, மேலுதடு பிளந்து தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி நடந்தது என்று கேட்பார்கள், பொலிசைக் கூப்பிடுவார்கள். குளியலறையில் இருத்தி நாங்களே கழுவினோம். பனிக்கட்டியைத் துவாயில் சுற்றி உதட்டில் பிடித்தோம். படியில் விழுந்துவிட்டான் என்று ஆலையில் சொன்னோம். அவனுடைய உதடு இன்றைக்கும் சரியாகப் பொருந்துவதில்லை.

என் மனைவியும் மகளும் மன்னாரில் இருந்தார்கள். மகளுக்கு நான் புறப்படும்போது மூன்று வயது. மனைவியின் கடிதங்களில் நலம் விசாரிப்பு இரண்டு வரி, மிச்சம் எல்லாம் சாவு. அவளுடைய தம்பியை ஆமிக்காரர் வீட்டு முற்றத்தில் வைத்துத் துவக்குப் பிடியால் அடித்து இழுத்துப் போனார்கள். ஒன்பது நாள் கழித்துக் கடற்கரையில் கண்டெடுத்தார்கள். பிறகு வீடு எரிந்தது. பிறகு அவளும் பிள்ளையும் மடுக் கோயில் வளவு அகதி முகாமில், தரப்பாள் கூடாரத்துக்குக் கீழே. மகள் ஹெலிகொப்டர் சத்தத்தை வைத்து அது சுடுமா சுடாதா என்று சொல்லப் பழகிவிட்டாள் என்று மனைவி எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆலையில் எட்டு மணித்தியாலம் காலுறை மடித்தேன். அவர்கள் உயிரோடு இங்கே வந்து சேரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருடங்களில் வேறு நினைப்பே இருக்கவில்லை.

எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த மனுசியை எல்லோரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. நத்தார்ப் பண்டிகை ஒன்றுகூடலில் நான் ஹவாயன் கிற்றார் வாசித்ததைக் கேட்டுவிட்டு, அது என்ன வாத்தியம் என்று வந்து குனிந்து பார்த்தார். மடியில் மல்லாத்தி வைத்து, இடக்கையில் ஓர் உருக்குத் துண்டைப் பிடித்து நரம்பில் வழுக்கி வாசிப்பது. எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் வாசிப்போம். அதே சத்தம்தான் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுக்கும் உயிர் என்பது எனக்கு முன்பே தெரியும். இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு, ஒரு சொல் விளங்காமலே கூட வாசித்துப் பழகியவன் நான்.

ரீச்சருடைய புருஷன் கன்ட்ரி பாடகன். பகலில் இறைச்சிக்கு மிருகம் வெட்டும் ஆலையில் வேலை, சனி ஞாயிறுகளில் நடன மண்டபங்களில் பாட்டு. ஆறடி உயரம், தொப்பியோடு ஆறரை. பன்றியைத் தவிர வேறொன்றும் வளர்க்காத ஊரில் நடன மண்டபத்தில் அத்தனை பேர் தலையிலும் கௌபாய்களின் மாட்டுக்காரத் தொப்பியைக் கண்டு முதல் நாள் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரீச்சர் என்னை வாசிக்கக் கூட்டிப்போன அவனுடைய ஸ்ரூடியோவும் பழைய பன்றிக் கொட்டில். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி எதிரொலியை அடக்கியிருந்தார்கள். வெப்பமூட்டியைப் போட்டால் பழைய குடியிருப்பாளர்களின் வாசனை எழும்பி வரும். சனிக்கிழமைக் காலைகளில் அங்கே ஒலிப்பதிவு நடக்கும். தாளத்துக்கு ஒருவர், பேஸ் கிற்றாருக்கு ஒருவர், நான். பேஸ்காரர்தான் ஒலிநாடா இயந்திரத்தையும் பார்த்துக்கொள்வார்.

கசெற்றின் அட்டையில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், பாடகனுடையது. பாட்டுகள் முழுவதையும் எழுதியவர் ரீச்சர். அதுவும் அவன் பெயரில்தான் அச்சாகும். ஏன் இப்படி என்று கேட்டபோது, ஆம்பிளை எழுதியதென்றால்தான் லொறி ஓட்டுகிறவர்கள் வாங்குவார்களாம் என்று சொல்லிச் சிரித்தார். என் பெயரைப் போடவேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். பொண்டாட்டியைக் கூப்பிட்டுத் தாருங்கள் என்று அழுகிறவன் இங்கே பாட்டும் கூத்துமாக இருக்கிறான் என்று அமைச்சில் யாரும் நினைத்துவிடக்கூடாது.

என் வேலை, பாடகன் ஒரு வரியை முடித்து மூச்செடுக்கிற இடத்தில் கிற்றாரால் பதில் சொல்வது. வரி எங்கே முடிகிறது என்று பாஷை தெரிந்தவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. முதல் நாள் முழுக்க அவன் வாய்க்குள்ளேயே வாசித்துத் திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு ரீச்சர் என் இடப்பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கினார். வரி முடியும்போது என் தோளில் ஒரு விரல் வைப்பார், நான் வழுக்குவேன். இப்படித்தான் மூன்று கசெற்றுகள் செய்தோம். அந்தக் கிற்றார்காரன் சொல்லுக்குச் சொல் விளங்கி வாசிக்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். விளங்கியது அந்த விரலுக்கு மட்டும்தான்.

பாட்டெழுதும் அதே தட்டச்சில்தான் அமைச்சுக்கு எனக்காகக் கடிதமும் எழுதினார். மகள் எதற்குச் சிரிப்பாள், எதற்குப் பயப்படுவாள் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். இதெல்லாம் எதற்கு ரீச்சர் என்றேன். கோப்பில் இருப்பது ஒரு பிள்ளை என்று வாசிக்கிறவனுக்குத் தெரியவேண்டும் என்றார். மூன்று கடிதம் போனது, நாலாவதையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அவரைப் போல எனக்காக உழைத்தவர் இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை.

பாடகன் ரீச்சரை அடிக்கிறான் என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆடி மாதக் கோடையிலும் நீளக் கை சட்டை, கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் பவுடர். ஊரில் காணாததா? பக்கத்து வீட்டில் பொம்பிளையின் சத்தம் கேட்டால் நாங்களும் ரேடியோவைக் கூட்டி வைத்தவர்கள்தான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அதற்கொரு பழமொழியும் வைத்திருக்கிறோம். ஆனபடியால் நானும் குனிந்து நரம்பைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு புதுப்பாட்டு. வீட்டை விட்டுப் போகிற ஒரு பெண்ணைப் பற்றியது. காலை பத்து மணிக்கே அவன் ஐந்தாவது பியரில் இருந்தான். கடைசி அடியில் அந்தப் பெண் திரும்பி வரவேண்டும் என்றான். ஆடுகிற சனத்துக்கு அதுதான் பிடிக்குமாம். ரீச்சர் மாட்டேன் என்றார். அவன் திரும்பவும் கேட்டான். நாடா ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வாத்தியத்தில் கை வைத்தபடி இருந்தோம்.

"இவள் திரும்பி வரமாட்டாள்" என்றார் ரீச்சர். அந்த அளவு டேனிஷ் எனக்கு விளங்கியது.

அவன் ஒலிவாங்கியைச் சுற்றிக்கொண்டு இரண்டு எட்டில் வந்தான். திறந்த கையால் அவருடைய இடது காதோடு ஓங்கி ஓர் அறை. பலகை முறிகிற சத்தம். அவர் என் தோளைப் பிடிக்கப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை. அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி முகத்தைச் சுவரில் மோதினான். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. முட்டை அட்டை நசுங்கி உள்ளே போனது, அதற்குப் பின்னால் சீமெந்து. பிறகு கீழே விட்டுவிட்டு விலாவில் உதைத்தான், வேலைத்தலத்துச் சப்பாத்தோடு. அவர் ஒருமுறையும் கத்தவில்லை. காதிலிருந்து இரத்தம் வந்து கழுத்தால் இறங்கியது. கண்கள் திறந்திருந்தன, என்னைத்தான் பார்த்தன. நான் ஒரு முழத் தூரத்தில் இருந்தேன்.

என் இடக்கையில் அந்த உருக்குத் துண்டு இருந்தது. அவனுடைய பிடரி எனக்கு நேரே இருந்தது. ஓர் அடி போதும். அந்த அடியின் கனம்கூட என் கைக்குத் தெரியும். எழும்பவும் செய்தேன், மடியிலிருந்த கிற்றார் நிலத்தில் விழுந்தது. அப்போது மடுவில் தரப்பாளுக்குக் கீழே இருக்கிற பிள்ளையின் நினைப்பு வந்தது, கோப்பின் நினைப்பு வந்தது. குனிந்து கிற்றாரை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் எனக்கு என்மேல் அவ்வளவு அருவருப்பு வேறு எப்போதும் வந்ததில்லை.

ரீச்சர் தானாகவே சுவரைப் பிடித்து எழும்பி வெளியே போனார். பேஸ்காரர் நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றினார். அரை மணித்தியாலம் கழித்து அதே நாடாவின் மேல் பாட்டைப் பதிந்தோம். அந்தப் பெண் திரும்பி வந்தாள். தோளில் விரல் இல்லாததால் வரி முடிகிற இடம் தெரியாமல் நான் பாட்டு முழுக்கத் தொடர்ந்து வாசித்துக்கொண்டே இருந்தேன். அதுதான் என் ஆகத் திறமான வாசிப்பு என்று அவன் முதுகில் தட்டினான். அந்தப் பாட்டு எங்கள் யூலாந்துப் பகுதியின் நடன மண்டபமெல்லாம் ஓடியது.

அடுத்த கிழமை இரண்டு பொலிசார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ரீச்சர் முறைப்பாடு கொடுத்திருந்தார். தாளக்காரரும் பேஸ்காரரும் பாடகனின் பால்ய சிநேகிதர்கள், ரீச்சர் தானாக விழுந்துவிட்டார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் சாட்சிக்குத் தந்த பெயர் என்னுடையது. மூக்குச் சாய்ந்த நண்பன் தேத்தண்ணியை மேசையில் வைத்தபடி, என் முகத்தைப் பாராமல் தமிழில் சொன்னான்.

"மச்சான், உன்ர கேஸ். வாயைத் திறவாதை."

அவன் சொல்லியிராவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன், அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். பொலிஸ் என்றால் எங்களுக்கு ஒன்றுதான். உள்ளே போனவன் வெளியே வரமாட்டான், சாட்சிக்குப் போனவனும் வரமாட்டான். அந்தப் பயத்தை இந்த ஊர்ப் பொலிசுக்கும் போர்த்திவிட்டோம். நான் நரம்பைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தேன், குனிந்திருந்தேன், எதையும் காணவில்லை என்றேன். அவர்கள் கோபிக்கவில்லை. இதில் உனக்கு ஒரு பிரச்சினையும் வராது என்று பொறுமையாகச் சொல்லி, மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் காணவில்லை என்றேன். வேதாகமம் படித்தவனான எனக்கு, ஆண்டவரை மூன்று முறை மறுதலித்த சீடனின் அந்தக் கணக்கு விளங்காமல் இல்லை.

முறைப்பாடு அதோடு முடிந்தது. ரீச்சர் ஒரு பெட்டியோடு தூரத்து நகரமான ஒடென்சேக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பத்து நாளில் எனக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே அமைச்சுக்கு அவர் எழுதிய நாலாவது கடிதத்தின் பிரதி. போவதற்கு முன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். எனக்கென்று அதில் ஒரு சொல்கூட இல்லை.

இரண்டு வருடம் போனது. பிறகு ஒரு மாலை தொலைக்காட்சியில் எங்களைப் பற்றிச் சொன்னார்கள். பின்னாளில் தமிழர் வழக்கு என்று நாடே பேசியது, அரசாங்கமே கவிழ்ந்தது. அன்றைக்கு எங்களுக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். தமிழரின் விண்ணப்பங்களை எடுக்கவேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லி, சட்டத்துக்கு மாறாக அவற்றை அப்படியே கிடக்க விட்டிருக்கிறார்கள். நாங்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று ஒருவரும் பார்க்கவில்லை. நண்பன் திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"உன்ர கோப்பை ஒருத்தரும் தொடேல்லை, மச்சான்."

நான் எழும்பிச் சமையலறைக் கதவின் கண்ணாடியில் குத்தினேன். கை மணிக்கட்டு வரை போய்விட்டது. பிறகு கதவையே கழற்றி எறிந்தேன். நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவனும் என்னைப் பிடிக்கவில்லை. உதடு பொருந்தாதவன் தன் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். அவன் உள்ளே எதையோ சுவரில் எறியும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு இறைச்சி ஆலையின் வாசலில் போய் நின்றேன். வேலை முடிந்து பாடகன் வந்தான். என்னைக் கண்டதும் கையை விரித்துச் சிரித்தான். எங்கே காணவே கிடைக்கவில்லை, உன்னைப் போல வாசிக்க ஆளில்லை என்றான். வாயில் குத்தினேன். இரண்டாவது குத்தில் அவன் தொப்பி விழுந்தது, மூன்றாவதில் பல் ஒன்று என் விரலில் ஏறியது. அதோடு சரி. மிச்சம் முழுக்க அவன் கச்சேரி. நாளெல்லாம் பன்றி தூக்குகிற கை. என் விலா இரண்டை உடைத்துத் தார்த் தெருவில் போட்டு மிதித்தான். ஆலைக்காரர்கள்தான் இழுத்தெடுத்தார்கள்.

பொலிஸ் வந்தது. நான்தான் முதலில் அடித்தேன் என்று ஒப்புக்கொண்டேன். பெயர், முகவரி எல்லாம் எழுதினார்கள். எது நடக்கக்கூடாதென்று நாங்கள் ஐந்து பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோமோ, அது நடந்தேவிட்டது. இது என் மனைவியின் விண்ணப்பத்தைக் கெடுக்குமா என்று அந்தப் பொலிஸ்காரரைக் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. இதற்கும் உன் மனைவிக்கும் என்ன தொடர்பு என்று திருப்பிக் கேட்டார். ஏழு மாதத்தில் மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி வந்தது.

வந்து இறங்கிய முதல் கிழமையிலிருந்து மனைவி ஒன்றையே கேட்டாள். அந்தக் கடிதங்களை எழுதினது ஆர்? என் பெட்டியில் இருந்த பிரதிகளை டேனிஷ் தெரிந்த ஒருவரைக் கொண்டு தமிழில் வாசிப்பித்திருந்தாள். ரீச்சர் என்று சொன்னதும், எங்கள் பிள்ளையைக் கண்ணாலும் காணாத ஒருத்தி அவளை அப்படியே எழுதியிருக்கிறாள், நேரில் போய்க் கையைப் பிடித்து நன்றி சொல்லவேண்டும் என்று நின்றாள். ஆலையில் லீவு இல்லை, அவருடைய முகவரி இல்லை என்று நாலு மாதம் கடத்தினேன். கடைசியில் நண்பன் முகவரியை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

ஒடென்சேயில் பேருந்திலிருந்து இறங்கி நடந்தோம், மகள் நடுவில். ரீச்சர் கதவைத் திறந்து என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார், அவளுடைய பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார். சின்ன வீடு, சன்னலோரம் மேசை. மனைவி அவருடைய இடப்பக்கத்துக் கதிரையில் இருந்து தமிழில் நன்றி சொல்லத் தொடங்கினாள். ரீச்சர் கையைக் காதருகே வைத்து என்னைப் பார்த்தார். அந்தக் காது கேட்காது, மற்றப் பக்கம் வந்து இருக்கச் சொல் என்றார். அதை மனைவிக்குச் சொன்னேன்.

"ஐயோ, காதுக்கு என்ன நடந்தது?" என்று மனைவி கேட்டாள்.

ரீச்சருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் என்ன கேள்வி என்று அவருக்கு விளங்கிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நோய் வருத்தம் ஏதோ வந்ததாம் என்று ஒரு சொல்லில் நான் முடித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"இவவின்ர மனுசன் அடிச்சது" என்றேன். "நான் பக்கத்தில இருந்தனான், எல்லாம் பாத்தனான். பொலிஸ் வந்து கேக்க, காணேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

என்ன சொன்னாய் என்று ரீச்சர் கேட்டார். அதையே டேனிஷில் சொன்னேன். அன்றைக்கு அந்தப் பொலிசார் மூன்று முறை கேட்டும் நான் சொல்லாதது இவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்னையும் பிள்ளையையும் எடுக்கத்தான். கேஸ் கெட்டுப்போகும் எண்டு பயம்."

தம்பியை முற்றத்தில் அடித்து இழுத்துப்போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று எனக்கு எழுதியவள் அவள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அதுக்கு என்னைச் சாட்டாதேங்கோ."

ரீச்சர் மறுபடி என்னைப் பார்த்தார். அதையும் நான் டேனிஷில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். மனைவி எழும்பித் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், ரீச்சரின் கேட்கிற காதுப் பக்கம் இருந்தாள். எனக்காகக் காத்திராமல், ஒரு சொல்லும் விளங்காத அந்த மனுசியோடு தமிழிலேயே கதைக்கத் தொடங்கினாள்.